வரைபடத்தில் இல்லாத மூட்டைகள்

முதல் வரைபடத்தில் எங்கள் கடைக்கு 15 படிகள் இருந்தன. வாங்கிப் பூட்டி வைத்திருந்த அந்தப் பழைய கடைவீட்டின் நடுவில், ஒரு மரப்பெட்டியின் மேல் அப்பா தாளை விரித்தார். நான்கு மூலைகளிலும் உடைந்த ஓட்டுத் துண்டுகளை வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாகப் பேனா முனையால் தொட்டு எண்ணினார். பிறகு மரப்படிக்கட்டின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கீழ்த்தரையிலிருந்து மேல்தரைக்கு எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்" என்றார். தம்பி நாடாவைப் பிடித்தான். 4.2 மீட்டர். அதை 15ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் 28 சென்டிமீட்டர். தோளில் மூட்டையோடு அந்தப் படியில் ஏறுகிறவர் பத்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார்.

அந்தத் தாளுக்கு நாங்கள் 3,500 மலேசிய வெள்ளி கொடுத்திருந்தோம். பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. நாற்பது ஆண்டுகளாக மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து விற்ற ஒரு மனிதர், தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய இடத்தின் வரைபடத்தில், அவருடைய தொழில் ஒரு கோடாகக்கூட இல்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு அந்தக் கட்டடத்தின் வரைபடங்களோடுதான் வாழ்ந்தேன். கடை கட்டப் போகிறவர்கள், பழைய கடையைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், "பிளான் போட எவ்வளவு ஆகும்?" என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் அதற்கு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கடைவீடு மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய பிறகு, லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்குக்கும் நடுவில் கட்டம் கட்டமாக வகுத்த நகரத்தை ஒட்டிய பகுதி. முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டாரோடு பங்கிட்டுக்கொண்ட பொதுச்சுவர், முன்னால் ஐந்தடி எனப்படும் கூரையிட்ட நடைவழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், மேலே மரத்தரை, அதற்கு மேல் ஓட்டுக் கூரை.

இதே வட்டாரத்தில் வேறொரு கடைவீட்டில் அப்பா நெடுங்காலம் வாடகைக்கு இருந்தார். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை வாடகை கையைக் கடிக்கவில்லை. அந்தச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு பாதுகாப்பு முடிந்தது. தெருவில் பாதி வீடுகள் இருண்டன. தையல்காரர் போனார், பொற்கொல்லர் போனார், பூக்கட்டும் பாட்டி மகளோடு பட்டர்வொர்த்துக்குப் போனார். அப்பா கூடிய வாடகையைக் கொடுத்துக்கொண்டு கடையை விடாமல் பிடித்திருந்தார். இனி யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாத ஒரு கூரை அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஆசையின் அளவு தெரிந்தால்தான் 15 படிகளைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு புரியும்.

முதலில் வரைந்தவர் மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருந்த நிலத்தின் நீள அகலத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு நேர்த்தியான செவ்வகம் வரைந்தார். முற்றத்தை மூடிக் குளிர்சாதனம் வைத்தார். மரத்தரையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார். கட்டடத்துக்குள் ஒரே ஒரு முறை வந்தார். அப்போதும் கையில் நாடா இல்லை. நாங்களும் அவருக்குச் சொன்னது "கீழே கடை, மேலே சரக்கறை" என்ற நான்கே சொற்கள். அந்த நான்கு சொற்களுக்கு என்ன வரைய முடியுமோ அதை வரைந்திருந்தார்.

பெரிய சிக்கல் பின்னால்தான் தெரிந்தது. அவர் பதிவு பெற்றவர் அல்லர். "கையெழுத்துக்கு ஆள் இருக்கிறார், அதற்குத் தனியாகக் கொடுத்தால் போதும்" என்றார். இந்த நாட்டில் கட்டட வரைபடத்தை ஊராட்சி மன்றத்தில் சமர்ப்பிக்கிறவர் சட்டப்படி பதிவு பெற்ற தொழில்முறையாளராக இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர்களுக்கும், வரையறைக்குட்பட்ட சிறு கட்டடங்களைச் சமர்ப்பிக்கும் வரைவாளர்களுக்கும் 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் பதிவேடு வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை.

கையெழுத்து என்றால் என்ன என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறத் தகுதிச் சான்றிதழை ஊராட்சி மன்றமே கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அந்த முறை மாறிவிட்டது. இப்போது வரைபடத்தைச் சமர்ப்பித்த முதன்மைத் தொழில்முறையாளரே, கட்டடம் விதிப்படி முடிந்திருக்கிறது என்று சான்றிதழ் தருகிறார். அடித்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் அவரும் கட்டுமான வேலையை எடுத்த குத்தகையாளரும் மற்றவர்களும் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் ஜி1 முதல் ஜி21 வரை இருக்கின்றன. தவறு நடந்தால் அவர் பெயர் நிற்கும், அவர் தொழில் போகும். கட்டடத்தைப் பார்க்காத ஒருவரிடம் கையெழுத்தை விலைக்கு வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கும் ஆபத்து. அந்தக் கூரையின் கீழ் நிற்கிற நமக்கு அதைவிட ஆபத்து. 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்ததை நேரில் பாராதவர்களும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நான் சிறுமி. அப்பா கடையில் வானொலியைச் சுற்றி நின்ற பெரியவர்களின் மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டாவதாக நாங்கள் போனது ஒரு தமிழ்ப் பெண் கட்டடக் கலைஞரிடம். என்னைவிட இளையவர். முதல் சந்திப்பில் அவர் பென்சிலைத் தொடவே இல்லை.

"ஐயா, கடையைப் பற்றிப் பிறகு பேசுவோம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு வியப்பு. நான்கரைக்கு எழுவது, ஐந்தேகாலுக்குக் குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவது, ஆறு மணிக்குள் முந்தைய நாள் வறுத்த மல்லியை அரவைக்குக் கொடுப்பது, எட்டு மணிக்கு லோரி வருவது, லோரி எந்தப் பக்கம் நிற்கும், மூட்டையை யார் இறக்குவார், எங்கே முதலில் போடுவார், ஈர மூட்டையை எங்கே பிரிப்பார் என்று பேசிக்கொண்டே போனார். நாற்பது ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்காத கேள்விகள். இரண்டு மணி நேரம் ஆனது. அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக, "மனையடி பார்ப்பீர்களா? பார்ப்பதாக இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள் ஐயா. எல்லாம் வரைந்து முடித்த பிறகு கல்லாவை மாற்றச் சொன்னால் கழிப்பறைக் குழாய் வரைக்கும் மாறும்" என்றார். அப்பா பார்ப்பார். கல்லா தென்மேற்கில், முகம் கிழக்கில். அது முதல் நாளே நோட்டில் ஏறியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாள் முழுவதும் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் அவர்.

கட்டணம் முதலாமவர் கேட்டதைப் போலப் பல மடங்கு. கட்டம் கட்டமாகக் கொடுக்கும்படி ஒப்பந்தம் எழுதினார்: முதல் வரைவுக்கு ஒரு பங்கு, விரிவான வரைபடத்துக்கு ஒரு பங்கு, குத்தகைக்கான ஆவணங்களுக்கு ஒரு பங்கு, வேலை நடக்கும்போது மேற்பார்வைக்கு ஒரு பங்கு. அளவை வேலை தனிக்கணக்கு; பொறியாளர் தனி. தம்பி தயங்கினான். அப்பா தயங்கவில்லை. "என்னிடம் நேரத்தைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்" என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்.

பிறகு அளந்தார்கள். மூன்று நாள். லேசர் கருவியோடு நூல்குண்டும், தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயும் கொண்டு வந்தார்கள். நானும் கூட நின்றேன். ஒரு கட்டடத்தை அளப்பது நோயாளியின் நாடி பார்ப்பதைப் போன்றது என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. முகப்பில் அகலம் 5.48 மீட்டர், பின்புறத்தில் 5.31. எதிர் மூலைகளை அளந்தால் இரண்டு குறுக்குக் கோடுகளும் சமமாக வரவில்லை. வீடு முழுவதும் மெல்லக் கோணியிருக்கிறது. இடப்பக்கச் சுவர் மேலே போகப் போக இரண்டு விரல் அளவு வெளியே சாய்கிறது. மாடித்தரையின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. முதல் வரைபடத்தின் நேர்த்தியான செவ்வகத்தை இந்த உண்மையான உருவத்தின் மேல் வைத்தபோது, பின்புற அறை ஒன்று அண்டை வீட்டாரின் சுவருக்குள் புகுந்திருந்தது. அதை அப்படியே கட்டத் தொடங்கியிருந்தால் வழக்கு மன்றத்தில்தான் முடிந்திருக்கும்.

பின்கட்டில் இருந்த தகரக் கொட்டகை எந்தப் பழைய வரைபடத்திலும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முந்தைய உரிமையாளர் யாரிடமும் கேட்காமல் போட்டது. நாங்கள் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருந்தோம். பழைய கடைவீடு வாங்குகிறவர்களிடம் கைகூப்பிச் சொல்கிறேன்: விலை பேசும்போதே மன்றத்தில் இருக்கும் அங்கீகரித்த வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டடத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் பணம்.

சுவரில் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சாந்து உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அதைச் சுவரின் கிழத்தனம் என்று நினைத்தேன். யாரோ இடையில் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. நிலத்து ஈரம் அவற்றில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லைத் தின்கிறது. மசாலாக் கடைக்கு ஈரச் சுவரைவிடப் பெரிய பகைவன் இல்லை. எந்தச் சுவரில் எந்தப் பூச்சு என்று வரைபடத்திலேயே எழுதப்பட்ட முதல் கட்டடம் என் வாழ்க்கையில் இதுதான்.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. தம்பிக்கு முற்றத்தை மூடிவிட ஆசை. மழை விழும், புறா வரும், இடம் வீண். கட்டடக் கலைஞர் இரண்டு காரணம் சொன்னார். முதலாவது, இடம். ஜார்ஜ் டவுன் 2008 சூலை 7ஆம் நாள் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 109 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான மையப் பகுதி, அதைச் சுற்றி 150 ஹெக்டேர் காப்புப் பகுதி. இந்த எல்லைக்குள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் சொல்கிறது. எங்கள் வீடு இரண்டாம் வகைக் கட்டடம். முகப்பு, கூரையின் வடிவம், பொதுச்சுவர், முற்றம் ஆகியவை அப்படியே நிற்க வேண்டும்.

தம்பி இதைக் கேட்டு முகம் சுளித்தான். அவனை மாற்றியது இரண்டாவது காரணம். 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகளின்படி, வணிகத்துக்குப் பயன்படும் எந்த அறைக்கும் அதன் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சன்னல் வேண்டும். காற்று தடையின்றிப் போக இருபதில் ஒரு பங்கு திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்த சுவர் இருக்கும் கடைவீட்டில் நடு அறைகளுக்குச் சன்னலை எங்கே வைப்பது? முற்றத்தில்தான். இரண்டு மாடிக் கட்டடத்தின் காற்றுமுற்றம் குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தம்பி தானே நாடாவோடு இறங்கி அளந்தான். 2.6க்கு 3.1. எட்டுச் சதுர மீட்டர். துணைவிதிகள் பிறப்பதற்குப் பல காலம் முன்பே, அந்தப் பெயர் தெரியாத மேஸ்திரி விதிக்குப் பொருந்துகிற முற்றத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு நண்பகலில் முற்றத்தின் கீழே நின்று புகைபோலத் தூசி மேலே எழுந்து போவதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அக்கா" என்றான். மிளகாய் அரைக்கிற வீட்டில் நெடி போக ஒரு வழி வேண்டும் என்பது எங்களுக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

இனி மூட்டைகள்.

கட்டமைப்புப் பொறியாளர் வந்த நாளில் அப்பாவை அழைத்துக்கொண்டு எங்கள் வாடகைக் கடைக்குப் போனார். "சரக்கறையைக் காட்டுங்கள்" என்றார். அங்கே சரக்கெல்லாம் கீழ்த்தளத்தில், சிமெண்டுத் தரைமேல். மஞ்சளும் மல்லியும் அரிசியும் ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டரை மீட்டர் வரை அடுக்கியிருக்கும். அவர் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூட்டையின் நீள அகலத்தை அளந்தார், தராசில் ஏற்றச் சொன்னார், குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து புதிய இடத்தின் மாடியில் நின்று விளக்கினார். மக்கள் குடியிருக்கிற மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று சுமை கணக்கிடுவார்கள். இந்த மரத்தரை குடியிருப்புக்காகப் போட்டது; நாம் நிற்கிறோம், கட்டில் கிடக்கிறது, அலமாரி இருக்கிறது, தாங்கும். சரக்கறைக்குக் கணக்கு வேறு: அடுக்குகிற உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும், சதுர மீட்டருக்கு 240 கிலோ. இரண்டரை மீட்டர் அடுக்கினால் 600 கிலோ. நான்கு மடங்கு.

அப்பா கீழே பார்த்தார். அவர் நின்ற இடத்துக்கு நேர் கீழேதான் கல்லா வரப் போகிறது.

பொறியாளர் இன்னொன்றையும் காட்டினார். தரையைத் தாங்கும், செங்கால் என்ற வன்மரத்தாலான உத்தரங்கள் இன்னும் இரும்புபோல இருந்தன. ஆனால் இரண்டு உத்தரங்களின் முனைகள், சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், கூரை ஒழுக்கால் உளுத்திருந்தன. திருப்புளியை அழுத்தினார், கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. நடுவில் எவ்வளவு வலிமை இருந்தாலும் முனை போய்விட்டால் உத்தரம் உத்தரமே இல்லை.

முதல் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு செவ்வகமும் அதற்குள் "சரக்கறை" என்ற ஒரு சொல்லும்தான் இருந்தன. கான்கிரீட் தளம் என்று போட்டிருந்தாலும், அதன் எடையும் மூட்டைகளின் எடையும் எந்தச் சுவரில் இறங்கும், அந்தச் சுவரின் மறுபாதி யாருடையது என்ற கேள்வி அதில் இல்லை. எங்கள் மஞ்சள் மூட்டை அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியின் படுக்கையறைச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

தீர்வு ஆறு வாரத்தில் மூன்று முறை மாறியது. முதலில் சரக்கை முழுவதும் கீழே வைக்கலாம் என்றார்கள், விற்க இடமில்லை. பிறகு மாடி முழுவதற்கும் எஃகு என்றார்கள். பழைய தரையை இழக்க வேண்டும், பணமும் போதாது. கடைசியில் வரைபடத்தில் மாடி இரண்டாகப் பிரிந்தது. முன்பாதியில் பழைய மரத்தரை, உளுத்த முனைகளை மட்டும் வெட்டி இணைத்து, அலுவலகத்துக்கும் பொட்டலம் கட்டுவதற்கும். முற்றத்துக்குப் பின்னால் உள்ள பாதியில் மட்டும், பொதுச்சுவரைத் தொடாமல் தன் சொந்த அடித்தளத்தில் நிற்கும் எஃகுத் தூண்களும் உத்தரங்களும். அங்கே சரக்கு, ஒன்றரை மீட்டர் உயரம் வரை. அதாவது சதுர மீட்டருக்கு 360 கிலோ. அதற்குமேல் இல்லை.

அரவையைப் பற்றியும் அப்போதே முடிவெடுத்தோம். பெரிய இயந்திரங்களின் அதிர்வு பழைய பொதுச்சுவருக்கு ஆகாது, தெருவுக்கும் ஆகாது. அவை பெருநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு தொழிற்கூடத்துக்குப் போகும். வாடிக்கையாளர் வறுத்துக் கொண்டுவரும் ஒரு கிலோ, இரண்டு கிலோவை அரைத்துக் கொடுக்கும் சிறு இயந்திரம் மட்டும் இங்கே, சுவரிலிருந்து விலகிய தனிக் கான்கிரீட் மேடையில். அப்பாவுக்கு இது வலித்தது. அரவை ஓசை இல்லாத கடையை அவர் கடை என்று நினைத்ததில்லை. அவர் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. காகிதத்தில் இருக்கும்போது அந்த இரண்டு வாரத்துக்குச் செலவில்லை. குத்தகையாளரின் ஆட்கள் கையில் கரண்டியோடு நிற்கும்போது ஒரு நாள்கூட விலை உயர்ந்தது.

படிகளின் கணக்கும் தீர்ந்தது. துணைவிதிகளின்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிபலகை 255க்குக் குறையக் கூடாது. 16 படிக்கு மேல் ஓர் இளைப்பாறும் மேடை இல்லாமல் போகக் கூடாது. 4.2 மீட்டரை 24ஆல் வகுத்தால் படிக்கு 175. பன்னிரண்டு ஏறி, ஒரு மேடை, மறுபடி பன்னிரண்டு. இடம் அதிகம் பிடித்தது. பின்கட்டில் ஒரு மூலையை அதற்கே கொடுத்தோம். முன்னால் உள்ள பழைய மரப்படிக்கட்டு தன் இடத்திலேயே இருக்கிறது.

ஐந்தடியைப் பற்றி அப்பாவுக்கும் கட்டடக் கலைஞருக்கும் ஒரு பேச்சு நடந்தது. அப்பா அங்கே மூட்டை வாய்களைத் திறந்து வைத்து வியாபாரம் செய்து பழகியவர். அது எல்லாரும் நடக்கிற வழி, மறிக்கக் கூடாது என்பது சட்டம். அவர் சட்டத்தைப் பேசவில்லை. "சக்கர நாற்காலியில் வருகிற ஒரு வாடிக்கையாளர் உங்களுக்கு இருக்கிறாரா ஐயா?" என்று கேட்டார். இருந்தார், அப்பாவின் பழைய நண்பர், நீரிழிவில் ஒரு கால் போனவர். அவர் எப்போதும் தெருவிலேயே நின்று ஆளனுப்பி வாங்குவார். அதற்குப் பிறகு ஐந்தடியில் மூட்டை பேச்சு எழவில்லை. வரைபடத்தில் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப்பாதை வந்தது.

அனுமதி வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயன்பாட்டு மாற்றத்துக்கு 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் திட்டமிடல் அனுமதி. பிறகு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டட வரைபட அனுமதி. இரண்டும் மாநகர் மன்றத்தின் ஒருமுக மையம் வழியாகப் போகும். தீயணைப்புத் துறை, கழிவுநீர், வடிகால் என்று அங்கிருந்து பிரியும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் என் அத்தை மகனுக்கு நடைமுறை வேறு: அங்கே 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், மேம்பாட்டு ஆணை. ஆகவே ஒரு நகரத்தில் கட்டியவர் சொல்கிற வழியை இன்னொரு நகரத்தில் அப்படியே நம்பாதீர்கள். எங்கள் தாள்கள் இரண்டு முறை கேள்விகளோடு திரும்பி வந்தன. ஒன்று, பொதுச்சுவர் கூரைக்கு மேல் தீத்தடுப்பாக எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று. மூன்று நாள் அளந்த புண்ணியம், பதில் எங்களிடம் ஏற்கெனவே எண்ணாக இருந்தது. அன்று மாலையே அனுப்பினார்கள்.

இப்போது கடை நடக்கிறது. பின்மாடியின் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரு சிவப்புக் கோடு சுற்றிலும் ஓடுகிறது. அதுவும் வரைபடத்தில் இருந்ததுதான். தாளில் ஒரு புள்ளிக்கோடாக, பக்கத்தில் "அடுக்கும் எல்லை" என்று. தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு லோரி மஞ்சள் ஒரே நாளில் வந்து இறங்கியது. ஆட்கள் அவசரத்தில் கோட்டுக்கு மேல் ஒரு வரிசை ஏற்றிவிட்டார்கள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மூச்சு வாங்க 24 படிகளையும் ஏறி வந்தார். நடுமேடையில் ஒரு முறை நின்றார். கோட்டைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. மேல் வரிசை மூட்டை ஒன்றின் காதைத் தானே பிடித்து இழுத்தார். பையன்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். இறக்கிய மூட்டைகள் அன்று மாலையே பிறைக்குத் திரும்பிப் போயின.